மச்சானின் பெரிய தட்டும் ஓர் உருண்டைப் புளியும்

எல்லாக் குடும்பத்திலும் ஒருவன் இருப்பான். "நீ சும்மாதானே இருக்கே" என்று சொல்லி எல்லா வேலையையும் அவன் தலையில் கட்டுவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தத் தலை என்னுடையது. நான் ஒன்றும் சும்மா இருப்பதில்லை. மூணாறில் ஒரு ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொள்கிறேன். விடிந்ததும் விடியாததுமாக மூடுபனிக்குள் நின்றுகொண்டு "வியூ எங்கே?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள், தெரியும். (பனி விலகாவிட்டால் அதற்கும் நான்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும்.) ஆனால் இதையெல்லாம் என் அக்காவிடம் சொல்லிப் பயனில்லை. அவள் "ஏலே முருகேசா" என்று ஆரம்பித்தாலே எனக்கு முதுகு வலிக்கத் தொடங்கிவிடும்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான் செல்லத்துரை, தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். அது சம்பளத்துக்கு. மற்றபடி அவர் டிரம்மர். சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிற டிரம்மர் என்று நினைத்துவிடாதீர்கள். ராக்கையும் ஜாஸையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டியது; ஒரு உருப்படி கால் மணி நேரம் ஓடும், பாடுவதற்கு ஆளே இருக்காது. அந்த வகை. கொச்சியிலும் பெங்களூரிலும் அவர் பேரைச் சொன்னால் வாசிக்கிற பையன்கள் எழுந்து நிற்பார்களாம். வேனை எடுத்துக்கொண்டு மலையேறி வந்து, எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிவிட்ட எங்கள் லயத்து வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் அவரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போவார்கள்.

லயத்தில் அவருக்கு இருந்த பெயர் வேறு. "பாவம், நல்ல மனுசன், தாளம்தான் நிக்க மாட்டேங்குது." அவர் ஏழாகவும் பதினொன்றாகவும் எண்ணி வாசிப்பார். நாலு நாலாகக் கை தட்டிப் பழகிய நாங்கள் என்ன செய்வோம்? என் கல்யாண ரிசப்ஷனில் அன்பளிப்பாக அரை மணி நேரம் வாசித்தார். ஆட வந்தவர்கள் கால் எடுத்தால் வைக்க இடமில்லை. என் மாமனார் ஒரு சுற்றுச் சுற்றி, ஒருவர் மேல் மோதி, பந்திக்கே போய்விட்டார். மச்சான் மட்டும் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் மச்சான் போய்விட்டார். நெஞ்சு வலி, ஜீப், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அவர் மகள் நித்யா கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். அப்பாவிடம் கற்றுக்கொண்டு அப்பாவைப் போலவே வாசிப்பவள். அவர் போன பிறகு அவள் குச்சியைக் கையால் தொடவில்லை. சிரிப்பையும் அப்படியே நிறுத்திக்கொண்டாள். என்ன கேட்டாலும் "ம்" என்பாள். அக்காவுக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

முதல் வருஷ நினைவு நாளுக்குக் கொச்சிக்காரர்கள் ஒரு அனுஸ்மரணம் வைத்தார்கள். (மலையாளத்தில் நினைவுக் கூட்டம். ஃப்ளெக்ஸில் அப்படித்தான் போட்டிருந்தது.) மூணாறில் ஒரு கல்யாண மண்டபம் எடுத்து, மச்சானின் டிரம்ஸை மேடையில் வைத்து, அவர் உருப்படி ஒன்றை வாசிப்பது என்று ஏற்பாடு. யார் வாசிப்பது? நித்யாவிடம் கேட்டார்கள். எல்லோரும் ஆச்சரியப்படும்படி சரி என்றாள். அன்று ராத்திரி எனக்கு ஃபோன் செய்தாள்.

"மாமா, டிரம்ஸ் நீங்கதான கொண்டு வாறீங்க?"

"வேற யாரு? நான்தான சும்மா இருக்கேன்."

"அந்தப் பெரிய தட்டை மட்டும் பத்திரமா கொண்டு வந்துருங்க மாமா. ரெக்கார்டிங்ல அது வேற மாதிரி கேக்குது. அப்பா அடிச்சா வர்ற சத்தத்தை எனக்கு ஒரு தடவை நேர்ல கேக்கணும். அதுக்குத்தான் வாறேன்."

பெரிய தட்டு என்றால் வலது கைப் பக்கம் ஸ்டாண்டில் மாட்டியிருக்கிற சிம்பல். மச்சான் எப்போதும் அதைத்தான் தட்டிக்கொண்டிருப்பார். அடித்தால் பளிச்சென்று கேட்காது. தூரத்தில் மழை வருகிற மாதிரி, கம்மலாக ஒரு "ஷ்ஷ்ங்" இருக்கும். பார்ப்பதற்கோ கண்றாவி. கருப்பும் பச்சையுமாக, கறை மேல் கறை படிந்து, பழைய இரும்புக்கடையில்கூட யோசித்துத்தான் வாங்குவார்கள். ஒருமுறை அக்கா ஈரத்துணியால் அதைத் துடைக்கப்போக, மச்சான் பிடுங்கிக்கொண்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சுத்தம் என்றால் அந்த மனிதருக்கு ஆகாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

நினைவு நாளுக்கு முந்தின நாள் அக்கா வழக்கம்போல, "ஏலே முருகேசா, எல்லாத்தையும் கொஞ்சம் தொடைச்சு வையி. வெளியூர்க்காரங்க வாராங்க. புருசன் போனதும் சாமான அம்போன்னு போட்டுட்டான்னு சொல்லிரப் போறாங்க" என்றாள்.

தொடை என்றுதான் சொன்னாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெரிய தட்டை வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. இதையா மேடையில், குத்துவிளக்குப் பக்கத்தில் வைப்பது? பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா எட்டிப் பார்த்து, "புளியும் உப்பும் போட்டு ஒரு தேய் தேய்ச்சா தங்கமா ஆயிரும்ல" என்று ஒரு உருண்டைப் புளியையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உதவிக்கு இப்படி ஆட்கள் அமைந்தால் மனிதன் நாசமாகப் போகாமல் என்ன செய்வான்?

முதலில் புளி, பிறகு சாம்பல், கடைசியாக விளக்குத் தேய்க்கிற பொடி. தண்ணீர்த் தொட்டி ஓரம் குத்தவைத்து மத்தியானம் வரை தேய்த்தேன். மேல்பக்கம் முடிந்தபோது இடுப்பு என்னுடையதாக இல்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேடையில் வைத்தால் அது யார் கண்ணில் படப்போகிறது என்று அப்படியே கழுவித் துண்டில் சுற்றிவிட்டேன். (என்னுடைய எந்த வேலையும் இப்படித்தான் முடியும். என் வீட்டு மதில்கூடத் தெருப் பக்கம் மட்டும்தான் வெள்ளை.) மேல்பக்கமோ கண்ணாடி. அதில் என் முகம் தெரிந்தது. களைத்துப்போன, ஆனால் திருப்தியான முகம்.

மறுநாள் ஜீப்பில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் மண்டபத்தில் இறக்கினோம். தட்டுக்கு மஞ்சள், சந்தனம், மூன்று இடத்தில் குங்குமம் எல்லாம் வைத்து நிமிர்ந்தேன். அப்போதுதான் பிஜு வந்தார். மச்சானோடு வருஷக்கணக்கில் பேஸ் கிட்டார் வாசித்தவர், கொச்சிக்காரர். மேடையேறியவர் தட்டைப் பார்த்து நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார்.

"எந்தா இது! சேட்டா, இது ஆரு செஞ்சது?"

"நான்தாங்க!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. பாராட்டை எதிர்பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்து வைத்தேன்.

பிஜு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சேட்டா. அது அழுக்கில்ல. அதுதான் சவுண்டு. துரையேட்டன் எத்தனை வருஷமாயிட்டு அத தொடாம வச்சிருந்தது!"

கறை ஏற ஏறத் தட்டின் குரல் கம்முமாம். பளபளப்பாகத் தேய்த்தால் கூர்மையாகிவிடுமாம். அதற்காகவே வாத்தியக்காரர்கள் பலர் ஜென்மத்துக்கும் துடைக்கமாட்டார்களாம். இதை மச்சான் ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நாங்கள் கேட்டிருக்க மாட்டோம் என்பது வேறு விஷயம்.

நித்யாவின் பஸ் மறையூர் தாண்டிவிட்டது என்று மெசேஜ் வந்திருந்தது. அந்தப் பிள்ளை ஒரு வருஷம் கழித்து, ஒரே ஒரு சத்தத்தைக் கேட்க வருகிறது. அந்தச் சத்தத்தை நான் புளி போட்டுக் கழுவி விட்டிருக்கிறேன். ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் ஜீப்பைத் திருப்பி எடுத்துப்போக வேண்டியதும் நான்தானே.

பதற்றத்தில் மூளை வேலை செய்யாது என்பார்கள். எனக்குச் செய்தது, அதுதான் பிரச்சினை. அழுக்கு போனதால்தானே தொல்லை? அழுக்கைத் திரும்ப ஏற்றிவிட்டால்? யாரும் பார்க்காதபோது தட்டைக் கழற்றிக்கொண்டு மண்டபத்துப் பின்பக்கம் சமையற்கட்டுக்கு ஓடினேன். டீ அண்டாவின் அடியில் கனமாகக் கரி பிடித்திருந்தது. அதைச் சுரண்டி, டிகாக்ஷனில் குழைத்து, மேல்பக்கம் முழுக்கத் தடவினேன். டீ போடுகிறவர், "அண்ணாச்சி, என்ன பண்ணுதீக?" என்றார். "வைத்தியம்" என்றேன். பார்ப்பதற்குப் பழைய தட்டு மாதிரியே இருந்தது. சத்தியமாக எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காய வைக்க நேரமில்லை. கொண்டுபோய் மாட்டிவிட்டேன்.

நித்யா பஸ்ஸிலிருந்து நேரே மேடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் அக்கா, அவளுக்குப் பக்கத்தில் பஞ்சாயத்து மெம்பர், கஞ்சி மொடமொடக்கும் வெள்ளை வேட்டி சட்டையில். பிஜு கண்ணை மூடிக்கொண்டார். அவர் ராகத்துக்காகக் கண்ணை மூடியதாகக் கூட்டம் நினைத்தது. நித்யா கையை ஓங்கிப் பெரிய தட்டில் ஒரு அடி அடித்தாள்.

"ணங்!"

கோயில் மணி. சாயரட்சைக்கு அடிக்கிற அதே மணி. கூடவே கரியும் டிகாக்ஷனும் கிளம்பி, மெம்பரின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து தொப்புள் வரை புள்ளி புள்ளியாக இறங்கியது. அவர் அசையவில்லை. இந்த வகைச் சங்கீதத்தில் இதுவும் உண்டு போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

நித்யா துப்பட்டாவால் தட்டைத் துடைத்தாள். உள்ளேயிருந்து பளபளப்பு வெளியே வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் மணி. அவள் முகம் மெல்லச் சுருங்கியது. கண் நிறைந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் என்னை உணர்ந்ததில்லை.

"மாமா" என்றாள், திரும்பாமலே. கேள்வியே இல்லை, தெரிந்துவிட்டது.

"புளிம்மா" என்றேன். "விளக்கு மாதிரி இருக்கட்டும்னு…"

அவள் கையைத் தட்டின் அடியில் விட்டுத் தடவினாள். கை அங்கேயே நின்றது. குனிந்து பார்த்தாள். "அடிப்பக்கம் தேய்க்கலையா?"

"இல்லம்மா. இடுப்பு வலி."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை, சிரித்தாள். ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு, மைக் முன்னால், அத்தனை பேருக்கும் கேட்கும்படி. முன்வரிசையில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நித்யா திருகாணியைக் கழற்றித் தட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். கருத்த பக்கம் மேலே வந்தது. அடித்தாள். முழுசாக மச்சான் இல்லை. ஆனால் மணியின் ஓரத்தில் அந்தக் கம்மல் இருந்தது. தூரத்து மழை கொஞ்சம் இருந்தது. பிஜு கண்ணைத் திறந்து கிட்டாரைத் தொட்டார். பிறகு அவர்கள் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஏழா பதினொன்றா தெரியாது. கைதட்ட இடம் தேடி நானும் மெம்பரும் தோற்றுப்போனோம். அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாதி அவருதான்" என்றாள்.

அந்தத் தட்டு இப்போது கோயம்புத்தூரில் நித்யாவிடம் இருக்கிறது. தேய்த்த பக்கம் மறுபடி கருக்க ஆரம்பித்துவிட்டதாம். அவ்வப்போது அடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறாள், "கேளுங்க மாமா, தேறிட்டு வருது" என்று. ஹோம்ஸ்டே வாசலில், வியூ கேட்பவர்களை நிற்க வைத்துவிட்டு நான் அதைக் கேட்கிறேன். மெம்பர் எங்கே பார்த்தாலும் என்னைக் கண்டதும் சட்டையைக் கையால் மறைத்துக்கொள்கிறார்.

வீட்டில்தான் நிம்மதியே இல்லை. "அரைகுறை, அரைகுறை" என்று பிறந்ததிலிருந்து என்னைத் திட்டி வந்தவள் என் அக்கா. போன கார்த்திகைக்கு அவள் வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்க உட்கார்ந்தேன். (வேறு யார்?) உள்ளேயிருந்து குரல் வந்தது:

"ஏலே முருகேசா, பாதியோட நிறுத்திக்கோ. மீதி யாருக்காவது தேவைப்படும்."