லாரிக்குக் கட்டில்

"தரை எப்படி?" என்று போனில் கேட்டார் டாக்டர்.

"தரை மாதிரிதான் இருக்கு," என்றார் லாரிக்காரர்.

"சிமெண்டா, மண்ணா?"

"மண்ணு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. 

"மண்ணுல ஜாக்கி நிக்காதுண்ணே. நிக்கிற மாதிரி நிக்கும். நாம பார்த்துக்கிட்டே இருக்கும்போது ஒரு பக்கமா இறங்கும். அடியில படுத்திருக்கிறவன் கதி என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"இருங்க, கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன்."

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. லாரிக்கு வைத்தியம் பார்க்கிறவர். இழுத்துக்கொண்டு கிடந்த வண்டிகூட அவர் ஷெட்டுக்குள் போனால் எழுந்து ஓடிவரும். ஆனால் அந்த வைத்தியத்தைக் கண்ணால் பார்த்தவன் கிடையாது. வண்டி உள்ளே போனதும் ஷட்டரை இறக்கிவிடுவார். தொழில் ரகசியம் என்று பேசிக்கொண்டார்கள். மறுபடி ஷட்டர் ஏறும்போது வண்டி குணமாகி நிற்கும். டாக்டரின் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கிரீஸ் இருக்காது.

லாரிக்காரர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. தராசை நம்ப மாட்டார், தராசைப் பிடித்திருப்பவனை அதைவிட நம்ப மாட்டார். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் வேண்டுமென்றே குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போய் நனைந்து வருவார். அப்படிப்பட்டவர் டாக்டரை மட்டும் நம்பியதற்கு ஒரே காரணம், டாக்டர் எதற்கும் பயப்படுவார். தைரியசாலி அடுத்தவன் காலை உடைத்துவிட்டுத்தான் ஓய்வான். பயந்தவன் கையில் இருக்கும் ஸ்பேனர் அளந்துதான் திரும்பும். இது லாரிக்காரர் போட்ட கணக்கு.

பயம் அவருக்கும் உண்டு. ஆனால் வெளியே சொன்னதில்லை. செங்குத்தான இறக்கத்தில் பிரேக் போனபோதுகூட ஒரு கையால் மீசையைத் தடவிக்கொண்டு வந்தவர். ஆனால் வாழ்நாள் முழுக்க லாரிக்கு மேலே உட்கார்ந்தவர், ஒரு தடவைகூட அதற்குக் கீழே படுத்ததில்லை. மேலே இருக்கும்வரை வண்டி மனிதனைச் சுமக்கும். கீழே போனால் யார் யாரைச் சுமப்பது?

விதி அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தியது. கல் குவாரிக்குப் போகும் பாதையில் புதிதாக ஒரு பாறை தலை நீட்டியது. லாரியின் வயிறு அதில் போய் இடித்தது. இரண்டு தடவை இடித்து, மூன்றாவது தடவை பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் வளைந்தே போயிற்று. "திங்கட்கிழமை உசந்த வண்டியோட வா. இல்லேன்னா வராதே," என்று சொல்லிவிட்டார் குவாரி மேனேஜர். அந்த இடத்துக்கு மூக்கன் என்று ஒரு போட்டிக்காரன் அப்போதே லாரியைக் கழுவித் துடைத்துவிட்டுக் காத்திருந்தான். குவாரி போனால் வேறு பிழைப்பு இல்லை.

ஆகவே பழைய ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு, காயலான் கடையில் பிடித்த கனமான ஆக்ஸிலை மாட்டி, ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி, வண்டியை ஒரு முழம் உசத்த வேண்டும். டாக்டரின் ஷெட்டில் முடியாது. "உள்ள வந்துடும்ணே. உசத்தின பிறகு வெளிய வராது," என்றார் அவர். அதனால் எல்லாம் லாரிக்காரர் வீட்டு முற்றத்தில்தான் நடந்தாக வேண்டும். புது ஆக்ஸிலைத் தூக்கி வந்தவர்களுக்குச் சமையலறை வாசலோடு மூச்சு நின்றுவிட்டதால், அது அங்கேயே குறுக்கே கிடந்தது. மனைவி அதைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள்.

போன் அடித்தது.

"அண்ணே, சிமெண்ட் போட்டுடுங்க," என்றார் டாக்டர்.

போட்டார்கள். மனைவியின் தம்பி, அதாவது மச்சான், கரண்டி பிடித்தான். அக்கா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தவன் அவன். வேலையும் அவனிடம் சிக்காமல் ஜாக்கிரதையாகத்தான் இருந்தது.

லாரி தெருவில் நின்றது. தெருவில் நிற்கும் லாரியை நம்ப முடியுமா? யாராவது டயரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால்? தரை காய்ந்துவிட்டதா என்று லாரிக்காரர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்த மாதிரிதான் இருந்தது. வண்டியைப் பின்பக்கமாக உள்ளே ஏற்றினார்.

"மாமா, வண்டி குட்டையாகிட்டே போகுது," என்றான் மச்சான்.

பின் சக்கரங்கள் சிமெண்டில் புதைந்துகொண்டிருந்தன. அவர் பதறிப்போய் எஞ்சினை அணைத்தார். அதுதான் தப்பு. விடிந்து பார்த்தால், லாரியை விதை போட்டு முளைக்க வைத்த மாதிரி இருந்தது.

டாக்டரிடம் சொன்னார். டாக்டர் வழக்கம்போல் "இருங்க, கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டுப் பிறகு கூப்பிட்டார்.

"அது நல்லதுக்குத்தான்ணே. வண்டி உருளாதில்ல?"

"ஆனா கிளம்பாதே டாக்டரே."

"உளி வச்சு நிதானமா வெட்டி எடுங்க. அவசரம் வேணாம்."

வெட்டினார்கள். மச்சான் ஒரு பக்கம் வெட்டிவிட்டு முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்தான். மறுபக்கத்தை லாரிக்காரர் வெட்டினார். வண்டி விடுபட்டது. புதுத் தரையில் இரண்டு குழிகள் மிஞ்சின.

"இனிமே வந்துடலாமே?" என்று கேட்டார் லாரிக்காரர்.

"வரலாம்... வந்துடலாம். வண்டியைத் தாங்க ஸ்டாண்டு என்ன வச்சிருக்கீங்க?"

"கடையில வாங்கின இரும்பு ஸ்டாண்டு."

"யாரு செஞ்சதுண்ணே அது?"

லாரிக்காரர் ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானாகத் தோன்ற வேண்டிய சந்தேகம், அடுத்தவர் சொல்லித் தோன்றிவிட்டதே. அந்த ஸ்டாண்டைச் செய்தவன் முகம் கூடத் தெரியாது. அன்று அவனுக்கு வீட்டில் என்ன சண்டையோ, எந்த இடத்தில் பற்றவைப்பைக் குறைத்தானோ?

டாக்டர் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஸ்டாண்டு இருக்கட்டும். அது பக்கத்துல கெட்டி மரக்கட்டை அடுக்குங்க. ஒண்ணு போனா ஒண்ணு தாங்கும்."

கெட்டி மரம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. மனைவி கடைக்குப் போய்த் திரும்பியபோது, லாரிக்காரர் கட்டிலின் நாலாவது காலை அறுத்துக்கொண்டிருந்தார்.

அவள் பையைக் கீழே வைத்தாள்.  பிறகு, "நாம எங்க படுக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

"தரையில. கீழ விழ வழியே இல்ல பாரு."

"லாரிக்குக் கட்டில், எனக்குத் தரை. நல்லா இருக்கு. தலகாணியும் கொண்டுபோய் வைங்க, பாவம், கழுத்து வலிக்கப்போகுது அதுக்கு."

கட்டைகளை அடுக்கிப் பார்த்த பிறகும் பயம் போகவில்லை. கூடத்தான் செய்தது. லாரியின் முன்பக்கத்தைக் கயிற்றால் முற்றத்து மரத்தோடு கட்டினார். மரம் சாய்ந்தால் என்று தோன்றியது. இன்னொரு கயிற்றை வீட்டு வராந்தாத் தூணில் கட்டினார்.

"ஏங்க, இப்ப வண்டி விழுந்தா வீடும் சேர்ந்துல்ல விழும்?" என்றாள் மனைவி.

 தூணுக்கு முட்டுக்கொடுக்க மணல் மூட்டை அடுக்கினார். மூட்டைகள் முன்வாசலை அடைத்துக்கொண்டன. அன்றிலிருந்து எல்லோரும் பின்வாசல் வழியாக, அதாவது ஆக்ஸிலைத் தாண்டித்தான் போய்வந்தார்கள். மச்சான் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, அதையும் முதுகுவலிக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

"எல்லாம் தயார் டாக்டரே. இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கு. அங்க மூக்கன் என் இடத்துல வண்டியை நிறுத்திப் பார்க்கிறானாம்."

டாக்டர் கொஞ்சம் முனகினார். "சுத்தித் தார்ப்பாய் கட்டணும்ணே. நான் வேலை செய்யும்போது யாரும் பார்க்கக் கூடாது. தூசியும் ஆகாது."

வீட்டில் தார்ப்பாய் ஒன்றுதான் உண்டு. அது சமையலறைக் கூரை ஓட்டைமேல் கிடந்தது. எடுத்துக் கட்டினார். மழை வராது என்று ரேடியோ சொல்லியிருந்ததால் அன்று சாயங்காலம் மழை வந்தது. மனைவி குடை பிடித்துக்கொண்டு, ஆக்ஸில்மேல் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு வந்து, "யாரு தவறிட்டாங்க?" என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"இன்னும் யாரும் இல்ல," என்றான் மச்சான். "மாமா முயற்சி பண்ணிக்கிட்டு இருக்காரு."

லாரிக்காரருக்கு அது சிரிப்பாக இல்லை. ஏனென்றால் அதற்குள் அடுத்த போன் வந்திருந்தது.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேண்ணே. அடியில துணைக்கு ஒரு ஆள் படுக்க வேண்டியிருக்கும். தினம் கொஞ்ச நேரம் குறுகலான இடத்துல படுத்துப் பழகிக்குங்க."

"யாரு, நானா?"

"வண்டி உங்களுதுதானே?"

மச்சானைப் பார்த்தார். மச்சான் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

கூடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து லாரிக்காரர் அதற்கு அடியில் நுழைந்தார். கண்ணை மூடினார். பெஞ்சு லாரியாக மாறியது. பலகை மூக்கைத் தொடுவதற்கு இறங்கி வருகிற மாதிரி இருந்தது.  கை கால் தன் பேச்சைக் கேட்கவில்லை.  குவாரி போனால் போகட்டும், மூக்கன் நன்றாக இருக்கட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டார். துடைப்பத்தோடு வந்த மனைவி, குப்பை என்று எண்ணி ஒரு தள்ளு தள்ளியபோதுதான் உயிர் வந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கேலி செய்ய எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

"பயமா இருக்கா?"

"துட்டு விழுந்துடுச்சு. தேடறேன்."

"கிடைச்சுதா?"

"இல்ல."

"மெதுவா தேடுங்க," என்று சொல்லிவிட்டு, பெஞ்சைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் வந்தார். வெளுத்த சட்டை. கூடவே ஒரு பெண்மணி. ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் கனமான சாக்கு. வார் அறுந்து கம்பியால் கட்டிய நீலச் செருப்பு.

"வீட்டுக்காரி. சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்திருக்கா," என்றார் டாக்டர். அவர் குரலில் போனில் இல்லாத தெளிவு இருந்தது.

அந்த அம்மாள் முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். குழி விழுந்த சிமெண்ட், மரத்தில் ஒரு கயிறு, தூணில் ஒரு கயிறு, மணல் மூட்டை, வேலைப்பாடு செதுக்கிய கட்டில் கால்கள். ஒரு கட்டையைச் செருப்பு நுனியால் தட்டினாள். வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு இருமினாள். இருமல் மாதிரி அது இல்லை.

"நான் அடியில படுக்கணுமா?" என்று கேட்டார் லாரிக்காரர். குரல் எலிக்குரலாக வந்தது.

"வேணாம்ணே. நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் போயிடுங்க. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது."

தார்ப்பாய் இறங்கியது. உள்ளே ஜாக்கி முனகியது. சக்கரம் கழன்று உருண்டது. சுத்தியல் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் லாரிக்காரர் ஒரு அடி பின்னால் போனார். போய்ப் போய்ச் சமையலறைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, இதுக்கு மேல போகணும்னா சுவரை இடிக்கணும்," என்றான் மச்சான்.

அப்போதுதான் அது கேட்டது. தடால். தரை அதிர்ந்தது. மரத்தில் கட்டிய கயிறு விறைத்து, பிறகு தொய்ந்தது. அப்புறம் உள்ளே சத்தமே இல்லை.

"டாக்டரே," என்றார் லாரிக்காரர்.

பதில் இல்லை.

மச்சானுக்கு முதுகுவலி வந்துவிட்டது. மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு மனிதன் கூழாகிக் கிடக்கிறான், அதுவும் தன் வண்டிக்கு அடியில், தன்னை நம்பி வந்தவன்.  லாரிக்காரருக்கு எந்தக் காலென்று தெரியவில்லை, ஒன்று முன்னால் போய்விட்டது, மற்றது வேறு வழியில்லாமல் கூடவே போயிற்று. தார்ப்பாயைக் கிழித்துத் தள்ளினார். "பயப்படாதீங்க டாக்டரே, நான் வந்துட்டேன்," என்று கத்திக்கொண்டே, வாழ்நாளில் முதல் தடவையாக மண்டியிட்டு லாரிக்கு அடியில் தலையை நுழைத்தார்.

உள்ளே பழைய ஆக்ஸில் கட்டில் கால்கள்மேல் சுகமாகப் படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் நீலச் செருப்பு போட்ட இரண்டு கால்கள்.

லாரிக்காரர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். தார்ப்பாய்க்கு உள்ளேயே ஒரு மூலையில், ஸ்டூல்மேல், வெள்ளைச் சட்டை கசங்காமல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். கண்ணை இறுக மூடி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, நடுங்கிக்கொண்டிருந்தார்.

முகமெல்லாம் கிரீஸாக, கையில் ஸ்பேனரோடு, அந்த அம்மாள் லாரிக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, இவரு என்னிக்குமே அடியில படுத்ததில்ல, எங்கம்மா வீட்டுல இருந்து நான் திரும்பி வர்ற வரைக்கும் உங்களுக்கு ஏதாவது ஒரு வேலை சொல்லிக்கிட்டே இருங்கன்னு நான்தான் போன்ல சொல்லிக் கொடுத்தேன், ஆனா நீங்க கட்டிலை அறுக்கிற அளவுக்குப் போவீங்கன்னு சத்தியமா நெனைக்கல."