ஓட்டக்காரியின் சகவாசம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிரிப்பது குற்றமல்ல. தொழிலாளர் நலன் பார்க்கிற வெல்பயர் ஐயாவைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் அது ஒழுக்கக்கேடு.

1998இல் வெல்பயர் ஐயா அழகமுத்து எம்பிலிப்பிட்டியவில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினார். மறுநாள், விடிந்தும் விடியாத நேரத்தில், அதைப் போட்டுக்கொண்டே, காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்துக்கு வந்தார். மதிப்புக்குரிய உத்தியோகத்தர் நேராக, அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கிப்போனார். நாங்கள் எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டோம். கொழுந்து பறிக்கிற ஷாமிளா மட்டும் கடிக்க மறந்துவிட்டாள்.

சிரித்தவளுக்கு அரைப்பேர், அதாவது அன்றைக்குப் பாதிச் சம்பளம். அத்தோடு விட்டாரா மனுசன்? பெல்மதுளைப் போட்டியில் ஓடத் தெரிவாகியிருந்த ஜீவராணியைக் கூப்பிட்டார்.

"ஷாமிளா ஒன் சிநேகிதியா?"

"ஆமாங்கய்யா. அடுத்தடுத்த காம்பராலதாங்க குடியிருக்கோம்."

"ஓட்டக்காரின்னா ஊருக்கே முன்மாதிரி. சிநேகிதி செய்ற குத்தத்துக்கு நீதான் பொறுப்பு."

"நான் சிரிக்கலீங்களே!"

"சிரிக்காத ஆளுக்கு சிரிக்கிற ஆளோட என்னா சகவாசம்?"

"அப்ப ஓட ஏலாதுங்களா?"

"ஓடலாம். சிநேகம் இல்லேன்னு எல்லார் முன்னுக்கும் சொல்லு."

பாவம், அந்தப் புள்ள இந்த ஒரு ஓட்டத்துக்காக இரண்டு வருசம் மலை ரோட்டில் ஓடியவள். ஷாமிளாதான் முந்திக்கொண்டு, "இவ யாருன்னே எனக்குத் தெரியாதுங்க!" என்று கத்தினாள்.

அது போதுமென்று ஐயா அவளை ஓட விட்டார். 'விளையாட்டு வீரர் தம் நண்பர்களின் நடத்தைக்குப் பொறுப்பாவார்' என்று ஐயா கையெழுத்தோடு அறிவித்தல் ஒட்டினார். எங்களால் அவளுக்குக் கெடுதி வரக்கூடாதென்று நாங்களும் ஜீவராணியோடு பேசுவதை நிறுத்தினோம். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்!

பெல்மதுளையில் ஜீவராணி முதலாவதாக வந்தாள். கேடயத்தோடு லொறி வந்து நின்றதும் அழகமுத்து ஐயா கூலிங் கிளாஸோடு அதில் ஏறினார்.

"ஜீவராணி எங்க குடும்பத்துக்கே உற்ற சிநேகம்!" என்று முழங்கினார். போட்டோ பிடித்தார்கள். நாங்களும் முண்டியடித்துக்கொண்டு நின்றோம். ஷாமிளா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலேயே நின்றுகொண்டாள்.

மறுகிழமை தோட்டத்து கேட்டில் ஐயாவின் மோட்டார் சைக்கிள் பையிலிருந்து பெக்டரித் தேயிலை கொட்டியது. தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை எல்லோரையும் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்.

"தேயிலை எடுத்தது நான்தாங்க," என்றார் ஐயா பணிவோடு. "ஆனா பொறுப்பு ஜீவராணிங்க. சட்டம் ஒட்டியிருக்கு."

"அவ ஒங்க சிநேகமா?"

"போட்டோவே இருக்குங்களே, தொரை!"

சட்டமென்றால் சட்டம்தானே. ஐயா ஓட்டக்காரர் இல்லை, அதனால் அவருக்கு எச்சரிக்கை. ஜீவராணிக்கு இனி ஓட்டமே கிடையாது.

"வேற யாரு இவ சிநேகம்?" என்று தொரை கேட்டார். நாங்கள் எல்லோரும் கானைப் பார்த்தோம்.

"நான்தாங்க," என்று ஷாமிளா வந்து ஜீவராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் போட்டோ இன்னும் ஆபீஸில் தொங்குகிறது. கெட்ட சகவாசம் உள்ளவள் என்று நடுவில் நின்ற ஜீவராணியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த ஓட்டையைச் சுற்றி ஐயாவும் நாங்களும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். அந்தச் சிரிப்புக்கு இதுவரை யாருக்கும் அரைப்பேர் போடவில்லை.