ஒரு வாளி ஒயர்

தானாக முன்னுக்கு வந்தவனிடம் ஒரு வியாதி உண்டு. அடுத்தவன் வேலை செய்வதை அவனால் உட்கார்ந்து பார்க்க முடியாது. எனக்கு அது முற்றிய நிலை.

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் காட்டிலிருந்து லாரியில் தொத்திக்கொண்டு பெரம்பலூர் வந்தேன். ஜல்லி சுமந்து, சிமெண்ட் கல் போட்டுப் பழகி, கடைசியில் சொந்தமாகக் கல் பட்டறையே வைத்தேன். இந்த ஊர்ச் சுவர்களில் பாதி என் கல். (விரிசல் விட்டிருப்பதெல்லாம் மற்றவன் கல்.) அப்படிப்பட்ட நான், என் வீட்டுக் குளியலறையிலேயே சிறைப்பட்ட கதை இது.

என் சம்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு, நானே கட்டிய பெரிய வீட்டில் நான் மட்டும். ஒரு நாள் சென்னையிலிருந்து என் மகள் கலைச்செல்வி போன் செய்தாள்.

“அப்பா, பாத்ரூம்ல புடிச்சிக்க ஒரு கைப்பிடி வெக்கச் சொல்லி எத்தன தடவ சொல்லிட்டேன். வழுக்கி வுழுந்தா தூக்க யாரு இருக்கா? ஞாயித்துக்கெழம வரேன். கைப்பிடி இருந்தா அங்கயே இருங்க. இல்லன்னா பொட்டியக் கட்டுங்க, கூட்டிட்டு வந்துடறேன்.”

சென்னையில் அவள் குடியிருப்பது அடுக்குமாடி வீடு. ஒரு தடவை போய் இருந்திருக்கிறேன். லிஃப்டில் வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, செல்போனைப் பார்ப்பார்கள். நான் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் எப்படிப் பெருமை பேசுவது? அங்கே போனால் ஒரே மாதத்தில் மூச்சு நின்றுவிடும் என்று தெரிந்துபோயிற்று.

கொத்தனாரைக் கூப்பிட்டால் அரை மணி வேலை. கூப்பிடுவேனா நான்? பட்டறைக் காலத்துப் பெரிய டிரில்லிங் மிஷினைத் தூசி தட்டி எடுத்தேன். பிரச்சினை ஒன்றே ஒன்று. குளியலறை கொல்லைக் கோடியில் இருக்கிறது, பிளக் சமையலறையில் இருக்கிறது, மிஷினின் ஒயரோ எலிவால் அளவு. நீளமான ஒயர் மாற்ற வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நடுத்தர வயது, நல்ல பொறுமைசாலி. அவருடைய துரதிர்ஷ்டம், அப்போது கடையில் வேறு ஆள் இல்லை.

“என்ன மிஷினுக்குங்க ஐயா?”

“டிரில்லிங்கு. செவுரு ஓட்ட போடுறது.”

“அப்ப இதாங்க. மூணு கம்பி, கனமான ஒயரு. அளவா வெட்டிக் கட்டி வெச்சதே இருக்கு” என்று ஒரு சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவ்வளவுதான், வியாபாரம் முடிந்துவிட்டது. காலையிலிருந்து நான் பேசியது பால்காரரிடம் மட்டும். அதுவும் ஒரே வார்த்தை, “தண்ணி.” பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தவனை இப்படிச் சட்டென்று திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம்?

“மாட்டுக் கயிறு மாதிரி வெறப்பா இருக்கே தம்பி. அந்தா, உருளையில தொங்குதே, அந்த மெல்லிசு ஒயர அளந்து குடுங்க.”

“அது சீரியல் பல்புக்குப் போடுறதுங்க. டிரில்லிங்குக்குத் தாங்காது, சூடாயிரும்.”

“நான் இந்த டவுனுக்குக் கரண்டு வர்றதுக்கு முந்தியே வந்தவன்.” (பொய். நான் வந்து இறங்கியபோது எதிரே சினிமாக் கொட்டகையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.)

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு உருளையை உருட்டி, மேசை விளிம்பில் அடித்திருந்த ஆணிக்கு ஆணி அளக்க ஆரம்பித்தார். நானும் ஆரம்பித்தேன்.

“அப்ப எனக்கு மீசகூட மொளைக்கல தம்பி...”

“போதுங்களா?”

“இழுங்க, இழுங்க. ஜல்லி கூடைய தலையில வெச்சா கழுத்து உள்ள போயிரும்...”

“ஐயா, வூடு அவ்ளோ தூரமா?”

“இழுங்க தம்பி. மொதலாளி என்னப் பாத்து என்ன சொன்னாருங்கிறீங்க...”

கடைசியில் உருளை மொட்டையாக நின்றது. “தீந்துபோச்சுங்கய்யா” என்றார் கடைக்காரர். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. என் கதை இன்னும் கல்யாணத்தைக்கூட எட்டவில்லை.

வீட்டுக்கு வந்து மிஷின் பிடியைத் திறந்தேன். உள்ளே மூன்று கம்பி மாட்டும் இடம். என் ஒயரில் இரண்டே கம்பி. மூன்றாவது எர்த், ஷாக் அடிக்காமல் காப்பாற்றுவது என்று குழந்தைக்கும் தெரியும். “இத்தனை வருஷம் என்னை யார் காப்பாற்றினார்கள்?” என்று அந்த இடத்தைக் காலியாக விட்டு மூடினேன். திருகாணியெல்லாம் முடுக்கி நிமிர்ந்தால், ஒயரில் முதலிலேயே கோத்திருக்க வேண்டிய ரப்பர் குழாய் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. அவிழ்த்துக் கோத்து மறுபடி மாட்டினேன். பிறகு பிளக்கை மாட்டி முடித்தால், அதன் மூடி மேசைமேல். பட்டறையாக இருந்தால் பக்கத்தில் நிற்கிறவனை நாலு வார்த்தை திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இங்கே யாரைத் திட்டுவது? பேசாமல் மறுபடி அவிழ்த்தேன்.

சனிக்கிழமை காலை வேலையில் இறங்கினேன். மிச்ச ஒயர் ஏராளம். அதை நன்றாகச் சுருட்டி, அமுக்கி, ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் குளியலறை வாசலில் வைத்தேன். கைப்பிடி வர வேண்டிய சுவர் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒயர் கதவுக்கு அடியில் வந்தது.

மிஷின் ஓடவில்லை, முனகியது. நானும் விடவில்லை, நெஞ்சைக் கொடுத்து அழுத்தினேன். ஓட்டை ஒரு பட்டாணி அளவு விழுந்தது. ஏதோ கருகுகிற வாடை. பக்கத்து வீட்டில் கருவாடு என்று நினைத்துக்கொண்டு, எட்டவில்லையே என்று ஒயரை ஓங்கி இழுத்தேன். வாளி கவிழ்ந்து, சூட்டில் உருகிக்கொண்டிருந்த சுருள் மொத்தமும் கதவுக்கு அடியில் வந்து சொருகிக்கொண்டது. டப்பென்று ஒரு சத்தம். பியூஸ் போய் மிஷின் நின்றது. உருகிய ஒயர், பிளாஸ்டிக் கதவு, வாசற்படி மூன்றும் ஒட்டி ஒன்றாகிவிட்டன. கதவு அசையவில்லை. (காலில் ரப்பர் செருப்பு இருந்ததால்தான் இதை நான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது சுருக்கமாக எழுதியிருப்பார்கள்.)

கத்தினேன். “யாராச்சும் இருக்கீங்களா? நான் மாட்டிக்கிட்டேன்.” பதில் இல்லை. செல்போன் சமையலறை ஜன்னலில். வெயில் ஏறி, சுவரில் மேலே போய், மறுபக்கம் இறங்க ஆரம்பித்தது. கவிழ்த்த குடத்தின்மேல் உட்கார்ந்தேன். இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லையும் எனக்குத் தெரியும். அதற்குள் நான் இருக்கிறேன் என்பது யாருக்குத் தெரியும்? கத்தினால் தொண்டை வலித்தது. சும்மா இருந்தால் பயமாக இருந்தது. அதனால் பேச ஆரம்பித்தேன். கடையில் விட்ட இடத்திலிருந்து, என் கல்யாணக் கதையைக் குழாயிடம் சொன்னேன். அது ஒரு சொட்டுகூட விடாமல் கேட்டது.

சாயங்காலம் செல்போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே ஒரு குரல். பக்கத்து வீட்டு ஜமீலா. வீட்டிலேயே துணி தைக்கிறவர்.

“அண்ணே, உள்ளயா இருக்கீங்க?”

“தங்கச்சி, காலையிலேருந்து கத்துறேன். காதுல வுழலயா?”

“வுழுந்துச்சுண்ணே. நீங்க எப்பவும் போன்ல அப்படித்தான பேசுவீங்க. இன்னைக்கு யாரோ வசமா மாட்டிக்கிட்டாங்கன்னு நெனச்சேன். இப்பப் பாத்தா போனு அடிச்சிட்டே இருக்கு, நீங்களும் பேசிட்டே இருக்கீங்க. அப்பறந்தான் யா அல்லா, இவரு யார்கிட்ட பேசுறாருன்னு கொல்ல வழியா ஓடியாந்தேன்.”

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தையல் கத்தரியும் அரிவாள்மனையுமாக அவர் ஒயரை அறுத்துக் கதவைத் திறப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. இடையில் போனை எடுத்து என் மகளுக்கு விவரமும் சொல்லிவிட்டார், குழாயிடம் நான் சொன்ன கல்யாணக் கதை உட்பட.

மறுநாள் கலைச்செல்வி வருவதற்குள் நானே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். தோற்றவன் தோற்றவன்தானே. அவள் குளியலறையைப் பார்த்தாள், பட்டாணி ஓட்டையைப் பார்த்தாள். கொத்தனாரை வரச்சொல்லிவிட்டு ஜமீலா வீட்டில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து, “பொட்டிய அவுருங்கப்பா” என்றாள். “தெனமும் காலையில அக்கா ஒரு கொரல் குடுப்பாங்க. பதில் சொல்லணும். சொல்லலன்னா அவுங்க வந்து பாப்பாங்க. அதுக்கு ஒத்துக்கிட்டா இங்கயே இருங்க.”

அன்றிலிருந்து தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “அண்ணே, போன்லயா, உள்ளயா?” என்று கேள்வி வரும். தெருவே சிரிக்கும். சென்னையில் பேரப்பிள்ளைகளும் போனை எடுத்தால் ஹலோ சொல்வதில்லை. “தாத்தா, போன்லயா, உள்ளயா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். போனில்தான் பேசுகிறேன் என்று தெரிந்தும் கேட்கிறார்கள்.

இப்போது ஜமீலா, மகள் பிரசவத்துக்காக லப்பைக்குடிக்காடு போயிருக்கிறார். வர நாளாகும். காலையில் குளிக்கப் போனால், கொத்தனார் மாட்டிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம்கூட இல்லை. “உள்ளதான் தங்கச்சி இருக்கேன்” என்று உரக்கச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் தண்ணீரைத் திறக்கிறேன்.