எழுந்திருக்காத ஒரே ஆள்

பாட்டு சூடுபிடிக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ரியாசுதீனின் கீபோர்டு வாயை மூடிக்கொண்டது. நீலமேகத்துக்கு உயிரே போய்விட்டது.

போகாதா பின்னே? எதிரே கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் துண்டை விரித்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மனோரமாவின் அப்பா நாகப்பன். பெண் கேட்டுப் போனபோது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"துபாய்ப் பொட்டியையும் படகுப் பலகையையும் சேத்து வெச்சிக்கினு இன்னாவோ பாட்டுன்றீங்களே, அம்மன் திருவிழாவுல வாசிங்க. முடியற வரைக்கும் ஒரே ஒரு ஆளு எழுந்திருக்காம இருந்தாக்கூட பொண்ணத் தரேன். இல்லாங்காட்டி இந்தப் பக்கமே வரக் கூடாது."

எண்பத்தாறாம் வருஷம் பழவேற்காட்டுப் பக்கம் இப்படி ஒரு ஜோடியை யார் பார்த்தார்கள்? ரியாசுதீன், துபாயிலிருந்து அவன் மாமா கொண்டுவந்து கொடுத்த கீபோர்டில் விதவிதமாய்ச் சத்தம் எழுப்புவான். நீலமேகம் பழைய படகுப் பலகையைத் துடுப்புக் கட்டையால் தட்டுவான். இரண்டும் சேர்ந்தால் பாட்டு என்பது அவர்கள் கட்சி.

"இன்னாத்துக்கு மச்சான் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு? லாரி பேட்டரி கீது, மாட்டிடலாம்" என்றான் ரியாசுதீன்.

மாட்டினான். கீபோர்டுக்கு உயிர் வந்தது, கூடவே பேயும் வந்தது. 'கீ...' என்று ஒரே சுரத்தில் நிற்காமல் அலறியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன.

"நிறுத்துடா பாவி!"

"பேட்டரியக் கழட்டுனா பாட்டே முடிஞ்சிடும் மச்சான்! நீ ஜாஸ்தியா தட்டு, சத்தம் அமுங்கிடும்!"

நீலமேகம் படபடவென்று தட்டினான். அங்கேதான் காரியம் கெட்டது. ஏரியில் மீனை வலைக்குள் விரட்டப் படகைத் தட்டுவார்களே, பழக்கதோஷத்தில் கை அந்தத் தாளத்துக்கே போய்விட்டது. பின்வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த தாமோதரன் துள்ளி எழுந்தார்.

"மடவை மீனு வந்துட்ச்சிடோய்! வலைய எடுங்கடா!"

அவ்வளவுதான். ஆண்கள் வலையோடு ஓடினார்கள், பெண்கள் கூடையோடு ஓடினார்கள். பூசாரிகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மணலில் செருப்புகள்தான் மிச்சம்.

நீலமேகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, மனோரமா போனாள். தொலையட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு மிச்சப் பாட்டையும் தட்டி முடித்தான்.

கண்ணைத் திறந்தால் நாகப்பன்! கட்டின கை கட்டினபடி, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மாமா! நீங்க போவலியா?"

"இன்னாத்துக்குப் போவணும்? பாட்டு கேட்டுக்கினு கீறேன் இல்ல?" முகம் மட்டும் கடுகடுவென்றிருந்தது. "சொன்ன வார்த்த வார்த்ததான். தை மாசம் கல்யாணத்த வெச்சிக்கோ."

அப்பாடா! நீலமேகம் ரியாசுதீனைக் கட்டிப்பிடித்துத் தட்டாமாலை சுற்றினான். ஊரே ஓடினாலும் சங்கீதம் தெரிந்த ஒரு மனுஷன் இருந்தாரே, அது போதாதா?

"வாங்க மாமா, வீட்டுக்குப் போயி மனோரமாகிட்ட சொல்லலாம்."

"நீங்க முன்னால போங்க. காத்து நல்லா கீது, நான் அப்பால வரேன்."

அந்த நேரம் படகுக்காரர் அபூபக்கர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அட இன்னா அண்ணே, எவ்ளோ நேரமா எம் படகு மேல உக்காந்துகினு கீறீங்க? மத்தியானம்தான் தார் பூசினேன், இன்னும் காயவே இல்லியே!"