ஆல்டர் ஓடை இடுகாட்டுக்கு ஒரு கல்

அன்புத் தங்கை கெசையாவுக்கு,

ஜார்ஜியாவிலிருந்து அண்ணன் இலைஹு எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். ஒஹையோவில் உன் வீட்டாரும் கோழிகளும் சுகமென்று நம்புகிறேன்.

கோபம் கொள்ளக் கூடாது என்பது நம் குவேக்கர் கிறிஸ்தவ சபை வழக்கம். நான் கொண்டுவிட்டேன். இருநூறு வருஷத்துக்கு முன் நம் ஆட்கள் நாற்பது குடும்பம் ஆல்டர் ஓடைக்கரையில் ஊர் கட்டினார்களே, அடிமை வைத்துப் பிழைப்பவர்கள் நடுவில் குடியிருக்க முடியாது என்று பிற்பாடு ஓரிரு குடும்பம் தவிர மொத்தமாக வண்டி கட்டி உங்கள் ஒஹையோவுக்குக் கிளம்பினார்களே, அந்த ஊரில் மிச்சம் இருப்பது இடுகாடு ஒன்றுதான், அதன் மேல்தான் ரோடு போடப் போகிறார்களாம். ஓடிப்போய் இஞ்சினியரை மறித்தேன். "கல்லறைன்னா கல்லு எங்கங்க? ஒண்ணுகூடக் காணோமே?" என்கிறான். "செத்தப்புறமும் பேரு வேணாம்னு கல்லே வைக்காத சனம்யா அது!" என்று கத்தினேன். "அப்ப மாசக் கடைசிக்குள்ள ஒரே ஒரு கல்லாவது வைங்க பெரியவரே, ரோட்டை வளைச்சுக் கொண்டுபோறோம்" என்றான்.

ஒரே ஒரு கல்! ஆனால் நம் சபையில்தான் ஓட்டுப்போடுவது கிடையாதே. மிச்சமிருக்கிற ஆறு பேரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, ஆறு பேர் மனசும் ஒத்தால்தான் எதுவும் நடக்கும். ஐந்து பேருக்கு ஒத்தது. டார்க்கஸ் கிழவி மட்டும் எழுந்து, "பேரு வேணாம்னு போனவங்க தலைமேல கல்லைத் தூக்கி வைக்கணுமா, இலைஹு? எனக்கு மனசு ஒப்பலப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மப்ளர் பின்னத் தொடங்கினாள். மூன்று ஞாயிறாக இதே கூத்து. அந்த ஊருக்கே நிலம் கொடுத்த நம் முப்பாட்டனார் ஜீஹு அங்கே படுத்திருக்கிறார், அவர் நெஞ்சில் லாரி ஏறப் போகிறது, இவள் மப்ளர் பின்னுகிறாள்! ஒருத்தியின் வீம்புக்காக ஓர் ஊரே அடையாளமில்லாமல் போவதா? வயிறு எரிகிறது, கெசையா.

உன் வீட்டில் அமைதி தங்கட்டும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

அண்ணன்
இலைஹு

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் ஞாயிறு கூட்டம் வந்துவிட்டது. டார்க்கஸ் அழுதுகொண்டே எழுந்து, "வைங்க. அவங்க எலும்பைவிட என் வீம்பு பெரிசில்ல" என்றாள். சபை எழுத்தர் ஏமஸ் கல்லில் வெட்டவேண்டிய வாசகத்தைப் படித்தான்: 'இங்கே சில குவேக்கர்கள் உறங்குகிறார்கள்.' அவ்வளவுதான். "நிலம் குடுத்த ஜீஹு பேரு எங்கடா?" என்றேன். "பேரு வேணாம்னவங்கன்னு நீதானே இஞ்சினியர்கிட்ட கத்தினே?" என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. எழுந்து நின்று அதைச் சொல்லியும்விட்டேன். கல் முடிவாகாமலே ஆறு பேரும் வீட்டுக்குப் போனோம். இன்றோடு மாசம் முடிகிறது. நாளைக் காலையில் லாரி வருகிறது.