கயிறில்லாமல் பேசாத இழுவையார்

இராமேசுவரம் தீவில் அன்றைக்கு இருந்த பாடகர்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, இழுவையாரை மட்டும் மறு தட்டில் வைத்தால், இழுவையார் தட்டுதான் கீழே இறங்கும். ஆள் எடையைச் சொல்லவில்லை, குரலைச் சொல்கிறேன். ஆனாலும் ஆளும் லேசுப்பட்டவர் இல்லை.

ஐம்பதுகளில் நான் தங்கச்சிமடம் தபாலாபீசில் கிளார்க். கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு அங்கே அம்பா என்று பெயர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று கயிற்றைச் சுண்டி இழுப்பார்கள். அடியெடுப்பவர் இழுவையார். அடிகளை அப்போதைக்கப்போது கட்டுவார். எவன் இழுக்காமல் சும்மா கயிற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிறானோ, அவன் குடும்ப விவகாரம் அடுத்த அடியில் வந்துவிடும். ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போன என்னையும் விடவில்லை.

“போஸ்டாபீஸு புதுசாரு - ஏலேலோ
பூனபோல தூங்குறாரு - ஏலேலோ!”

நாற்பது பேர் சேர்ந்து பாடிவிட்டார்கள். மறுநாளிலிருந்து தபால்தலை வாங்க வருகிறவர்கள் கதவை மெதுவாகத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்கள்.

இப்படி ஊரையே வாயில் போட்டு மெல்லுகிற மனிதர், கையில் கயிறு இல்லாவிட்டால் ஊமை. கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். பாவமன்னிப்புக்குப் போனால்கூட அவர் வாய் திறப்பதற்குள் சாமியார் பொறுமையிழந்து மன்னித்து அனுப்பிவிடுவாராம்.

இதனால் அவர் பட்ட பாடுதான் பெரிது. ஒரே மகள் ரோசம்மாவை இலங்கைப் பக்கம் மன்னாரில் கட்டிக்கொடுத்திருந்தார். தனுஷ்கோடியில் அவள் கப்பலேறிய அன்று, அழுதுகொண்டு நின்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. அய்யாவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு போனவள் இரண்டு வருடமாகக் கடிதம் போடவில்லை. அவரோ தினமும் பத்து மணிக்குத் தபாலாபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார். நான் ‘இல்லை’ என்று தலையாட்டுவேன். போய்விடுவார்.

“நீங்களே ஒரு கடுதாசி போடுங்கண்ணே. சொல்லுங்க, நான் எழுதுறேன்” என்றேன் ஒருநாள். அரைமணி நேரம் நின்றார். வேர்த்துக் கொட்டியது.

“கையில கனம் இல்லாம வார்த்த வரமாட்டேங்குது சார்” என்றார். அதைச் சொல்லவே ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அம்பாவைப் பதிவு செய்ய ரேடியோக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அன்று கடல் சரியில்லை; வலை போகவில்லை. அதிகாரி நாற்காலி போட்டு இழுவையாரை உட்காரவைத்து மைக்கை நீட்டினார். இழுவையார் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூச்சப்படாம பாடுங்க பெரியவரே.”

“அவருக்கு இழுக்கிறதுக்கு ஏதாச்சும் வேணும் சார்” என்றேன் நான்.

சுற்றிலும் பார்த்தோம். இழுக்கிற மாதிரி கனமாக அங்கே இருந்தது ஜீப் ஒன்றுதான். டிரைவரை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கைப் போடச் சொல்லி, முன்னால் கயிற்றைக் கட்டினோம். இருபது பேர் பிடித்தார்கள். இழுவையார் தொண்டையைத் திறந்தார். மூன்றாவது அடியில் டிரைவர் அலறினார்.

“சார், பிரேக் போட்டிருக்கேன், வண்டி போகுது!”

பதிவு இயந்திரம் வண்டிக்குள் இருந்ததால் மைக்கைப் பிடித்தபடி அதிகாரியும் கூடவே நடந்தார். நாலு அடி நடந்ததும் அவரும் ‘ஏலேலோ’ போட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் அந்த அடி வந்தது.

“கரையில நின்ன அய்யாவுக்கு - ஏலேலோ
கோவமில்ல ரோசம்மா - ஏலேலோ!”

ஜீப் மணலில் புதைந்து நின்றதும் அதிகாரிக்குச் சுயநினைவு வந்தது. “சொந்தச் சேதியெல்லாம் ரேடியோவுல போகக்கூடாது. அந்த இடத்த வெட்டிருவோம்” என்றார். இழுவையார் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். கயிறில்லாததால் கெஞ்சவும் அவருக்கு வழியில்லை.

ஒலிபரப்பன்று பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் ஊரே கூடியது. பாட்டு வந்ததும் பாதிப் பேர் பக்கத்தில் நின்றவரின் துண்டைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்கள். நான் மட்டும் அந்த அடிக்காகக் காத்து நின்றேன். ‘கோவமில்ல ரோசம்மா’ வந்தது! வெட்டவில்லை. அதற்கு அடுத்து வந்த ‘ஏலேலோ’வில் உரக்கக் கேட்டது அதிகாரியின் குரல். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

மூன்றாவது வாரம் மன்னார்க் கடிதம் வந்தது. ஜன்னலில் நின்றவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“அய்யா, அடுத்த வீட்டு ரேடியோவுல ஒங்க கொரலக் கேட்டேன். இந்த ஒரு வார்த்தய அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?”

இழுவையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதில் எழுத வேண்டுமே! மாதாமாதம் ஜீப்புக்கு எங்கே போவது? யோசித்தேன். தபால் மூட்டை கட்டுகிற கயிற்றை எடுத்து, ஒரு நுனியை என் இடுப்பில் கட்டிக்கொண்டு மறு நுனியை ஜன்னல் வழியே அவர் கையில் கொடுத்தேன்.

இழுத்தார். வார்த்தை வந்தது, அருவியாக. அவர் ஒரு வரி சொல்ல, நான் நாற்காலியோடு ஓர் அடி நகர்ந்து எழுதினேன். ‘எழுத்து ஏன் இப்படிக் கோணலா இழுத்துக்கிட்டுப் போகுது?’ என்று ரோசம்மா அடுத்த கடிதத்தில் கேட்டிருந்தாள்.

மறுவருடம் எனக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். என் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது, மறு நுனி ஒருவர் கையில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கடற்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று எழுதினேன்.