பெரிய வலிக்கென்று வைத்திருப்பவர்கள்

ஒற்றைத் தலைவலிக்காரர்களில் ஒரு தனி ரகம் உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த புது மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தைலம் தடவி, சுக்குப் பற்றுப் போட்டு, நெற்றியைத் துண்டால் இறுக்கிக் கட்டி, காபி குடித்து, காபியால்தான் வலி கூடியதென்று அதையும் திட்டிவிட்டு, மாத்திரையை மட்டும் தொடாதவர்கள். ஏன்? இது சின்ன வலியாம். மாத்திரை பெரிய வலிக்காம்.

அடியேன் இந்த ரகத்தில் மூத்த உறுப்பினன். திருப்பத்தூர் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்.

"இது புதுசுங்க. நரம்புல வலிச் சேதி போறதையே தடுக்கும். வலி ஆரம்பிக்கிறப்பவே நாக்குல வெச்சிடணும், கரைஞ்சிடும்."

பயபக்தியோடு தலையாட்டினேன். தலையாட்டுவதில் நாங்கள் குறை வைப்பதில்லை.

போன மாதம் புதூர்நாட்டில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அந்த மாமன் நான். ஜீப் மலையேறும்போதே கண்ணோரம் வெளிச்சம் நெளிந்தது. மனைவி அன்பரசிக்கு என் முகம் தெரியும்.

"மாத்திரைய போடுங்க."

"வலி இன்னும் முழுசா வர்லயே. இதுக்குப் போய் அத வீணாக்கறதா?"

"அப்புறம் இன்னாத்துக்கு? பேரனுக்கு சேத்து வெக்கிறீங்களா?"

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் மேளக்காரர் என் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து வாசித்தார். வாந்தி எடுத்தேன். புளியமரத்தடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். அப்போதும் ஒரு யோசனை: இதைவிடப் பெரிதாக வந்துவிட்டால்? கடைசியில் அன்பரசியே என் பையில் கைவிட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். அதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறதென்று, பந்திக்கு வந்திருந்த பெரியப்பா மகன் தமிழ்மணியைப் பிடித்து மாமனாக உட்காரவைத்துவிட்டார்கள். குழந்தை வீரிட்டது எனக்கும் கேட்டது.

மாத்திரையைக் குறை சொல்லமாட்டேன். அருமையாக வேலை செய்தது. தலை தெளிந்து எழுந்து வந்தபோது, குழந்தை இரு காதிலும் கம்மலோடு தமிழ்மணி தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் கழுத்தில் எனக்கு வாங்கிய மாலை. தங்கை அம்சவல்லி என்னைத் திட்டவில்லை.

"சாப்ட்டுட்டுப் போண்ணா" என்றாள், தெரிந்தவர் எவருக்கோ சொல்வதுபோல. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தலைவலியே கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பீரோவில், விருந்தாளிக்கென்று கவர்கூடப் பிரிக்காமல் ஒரு நல்ல போர்வை கிடக்கிறதே, நேற்று உங்களுக்குக் குளிரவில்லையா?